எந்த போர்டைப் பார்த்து உள்ளே போவது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நிதானமாகப் படிக்கலாம்.

போன மாதம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். 1996இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். லீவுக்குப் பிள்ளையோடு மருங்காபுரிக்கு வந்திருக்கிறாள். ஏழு வயதுப் பையன். கை காலில் அங்கங்கே கன்றிப்போன மாதிரி நீலத் திட்டுகள், பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். மணப்பாறையில் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் பிளேட்லெட் பன்னிரண்டாயிரம். அங்கிருந்த டாக்டர் "உடனே திருச்சி போய் ஹெமடாலஜிஸ்ட்டைப் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். திருச்சியில் ஒரு தெருவில் நின்றுகொண்டுதான் எனக்குப் போன் செய்தாள். "டீச்சர், ஒரு போர்டில் மெடிக்கல் ஆன்காலஜிஸ்ட்னு இருக்கு, ஒண்ணுல சர்ஜிக்கல் ஆன்காலஜிஸ்ட், இன்னொண்ணுல ரேடியேஷன் ஆன்காலஜிஸ்ட், எதிர்ல ஹெமட்டோ ஆன்காலஜிஸ்ட். இதுல எது டீச்சர்? எங்க மாமியார், அதெல்லாம் கேன்சர் டாக்டருங்க, அங்க போனா புள்ளைக்கு அந்தப் பேரு ஒட்டிக்கும், பப்பாளி இலைச் சாறு குடுத்துப் பாப்போம்கிறாங்க."

நான் டாக்டர் இல்லை. ஆசிரியப் பயிற்சி முடித்து முப்பத்தைந்து வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள். ஆனால் வரலாறு படிக்கப் பிடிக்கும். இந்த போர்டுகள் ஒவ்வொன்றும் எப்போது, எதற்காக வந்தன என்பது வரலாறுதானே. அது தெரிந்தால் யாரிடம் போவது என்ற குழப்பம் பாதி தீரும். அவளிடம் போனில் ஐந்து நிமிஷத்தில் சொன்னதை இங்கே விரித்து எழுதுகிறேன்.

நமக்குப் பக்கத்து ஜில்லாவிலிருந்தே தொடங்கலாம். புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மகாராஜா கல்லூரியில் ஆண் பிள்ளைகளோடு படித்தார், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம், அவ்வை இல்லம் என்றெல்லாம் அவரைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அவருடைய தங்கை சுந்தராம்பாளைப் பற்றிப் பாடத்தில் இருக்காது. அந்தத் தங்கைக்கு வயிற்றுப்போக்கும் ரத்தமுமாக வந்தது. சீதபேதி என்று முதலில் வைத்தியம் பார்த்தார்கள். மலக்குடலில் புற்றுநோய் என்று தெரியும்போது காலம் கடந்துவிட்டது. 1923இல் இறந்துபோனார்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். அக்காவே டாக்டர். சென்னைப் பட்டணத்துப் பெரிய டாக்டர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். காசுக்கும் குறைவில்லை. அப்படியிருந்தும் "இந்த நோய்க்கு இவர்தான்" என்று கைகாட்ட ஒருவர்கூட இல்லை. இன்றைக்கு நமக்கு போர்டு அதிகமாகிப்போய்க் குழப்பம். அன்றைக்கு போர்டே கிடையாது.

1925இல் முத்துலட்சுமி மேற்படிப்புக்காக இங்கிலாந்து போனார். அங்கே லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் புற்றுநோய்க்கென்றே தனி இடம் வைத்து வைத்தியம் பார்ப்பதைக் கண்டார். ஊர் திரும்பியும் அது மனசை விட்டுப் போகவில்லை. 1935இல் சென்னை மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில், சென்னைக்கு ஒரு புற்றுநோய் மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். பேசியது 1935, மருத்துவமனை திறந்தது 1954. நடுவில் பத்தொன்பது வருஷம். அரசாங்கத்தைக் கேட்டும் நடக்காமல், இந்திய மாதர் சங்கத்தின் பேரில் நிதி திரட்டி, 1952இல் நேரு அடிக்கல் நாட்டி, 1954 ஜூன் 18ஆம் தேதி அடையாறில் தொடங்கியபோது இருந்தது 12 படுக்கை. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த வருஷம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார். அவருக்கு எழும்பூர் பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் அரசாங்க வேலையே கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் லேடி டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றுதான் அர்த்தம். அதை விட்டுவிட்டு 12 படுக்கை ஆஸ்பத்திரிக்கு வந்தவர், 2021 ஜனவரியில் காலமாகும்வரை அங்கேயே இருந்தார்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, 1969 பிப்ரவரியில் அண்ணா காலமானார். எங்கள் ஊரில் பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றிப் பெரியவர்கள் நின்று அழுததைப் பார்த்திருக்கிறேன். "புற்றுநோய்" என்ற வார்த்தையை நான் முதலில் கேட்டது அன்றைக்குத்தான். அண்ணாவுக்கு உணவுக்குழாயில் புற்று. 1968 செப்டம்பரில் நியூயார்க் போய் டாக்டர் மில்லரிடம் ஆபரேஷன் செய்துகொண்டார். ஊர் திரும்பிச் சில மாதத்தில் மறுபடி முடியாமல்போய், கடைசியில் அடையாறு மருத்துவமனையில்தான் உயிர் பிரிந்தது. அதே வருஷம் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அவர் பெயரில் அரசு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. வட மாவட்டத்து ஏழை ஜனங்கள் இன்றைக்கும் அங்கே போகிறார்கள்.

ஆரம்ப காலத்தில் புற்றுநோய் டாக்டர் என்றால் ஒரே ஆள்தான். கத்தியும் அவர் கையில், கதிரும் அவர் கையில். கத்தி பழையது. கதிர் 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்ததற்கும், 1898இல் கியூரி தம்பதி ரேடியத்தைக் கண்டுபிடித்ததற்கும் பிறகு வந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் இருக்கும் பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934இல் திறந்தது. மூன்றாவதாக வந்தது மருந்து. மருந்தின் கதைதான் நீளம். அதற்குள் ரத்தத்தின் கதையும் பின்னிக் கிடக்கிறது.

ரத்தத்துக்கு வருவோம். நம் ஊர்களில் பெண்கள் வெளுத்துப்போனால் "சோகை" என்று ஒரே பெயர்தான். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், டானிக். 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் டாக்டர் பம்பாய்க்கு வந்தார். பஞ்சாலைத் தொழிலாளர் வீட்டுக் கர்ப்பிணிகள் ஒருவகைச் சோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். ஏன் என்று பார்க்க வந்தவர் அவர். நம் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931இல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் (திருவல்லிக்கேணியில் இப்போது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை) வேலை பார்த்திருக்கிறார். இந்தப் பெண்களின் ரத்த அணு சிறுத்து இருக்கவில்லை, பருத்து இருந்தது. இரும்புச் சத்து கொடுத்தும் பயனில்லை. ஈஸ்ட்டிலிருந்து செய்யும் மார்மைட் என்ற மலிவான பசையைக் கொடுத்ததும் தேறினார்கள். அதற்குள் இருந்த சத்துக்குப் பெயர் தெரியாததால் "வில்ஸ் பொருள்" என்றே அழைத்தார்கள். பிறகு 1941இல் கீரை இலையிலிருந்து பிரித்து, இலை என்ற லத்தீன் சொல்லை வைத்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்றைக்குச் சத்துணவு நர்ஸம்மா கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற மாத்திரையில் இரும்போடு சேர்ந்து இருப்பது அதுதான்.

எல்லாருடைய வெளுப்பும் ஒரே வெளுப்பு இல்லை என்பதை அந்த அம்மா நிரூபித்துவிட்டார். அதற்கு அவர் செய்தது, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தது.

இந்த இடத்தில் சுப்பாராவ் வருகிறார். எல்லாப்ரகத சுப்பாராவ், அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் 1895இல் பிறந்தவர். சகோதரரை ஸ்ப்ரூ என்ற நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்த நோயிலும் அணு பருத்த சோகைதான் வரும். சென்னை மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது காந்தி சொன்னார் என்று கதர் கோட்டு போட்டுக்கொண்டு போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்காமல்போக, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதைவிடத் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. அமெரிக்கா போய் ஹார்வர்டில் வேலை பார்த்துப் பிறகு லெடர்லே மருந்துக் கம்பெனியில் சேர்ந்தார். 1940களின் நடுவில் அவர் தலைமையிலிருந்த குழு ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்தது.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்று ஒரு டாக்டர், ரத்தப் புற்று வந்த குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் குழந்தைகளும் வெளுத்துத்தான் இருப்பார்கள். வெளுப்புக்கு ஃபோலிக் அமிலம் நல்லது என்கிறார்களே என்று கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அடங்குவதற்குப் பதில் வேகம் எடுத்ததாக ஃபார்பர் கண்டார். ஒரு வெளுப்புக்கு மருந்தானது இன்னொரு வெளுப்புக்குத் தீனியாகிவிட்டது! அப்படியானால் இந்தச் சத்தை அணுவுக்குப் போகவிடாமல் தடுத்தால் என்ன என்று யோசித்தார். சுப்பாராவின் குழு செய்த அமினாப்டெரின் என்ற தடுப்பு மருந்தை வாங்கிக் கொடுத்தார். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாக அடங்கியது. 1948 ஜூனில் அந்தக் கட்டுரை வெளிவந்தது. ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அதே வரிசையில் வந்த மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. 1995இல் நம் தபால் துறை அவருக்கு ஸ்டாம்ப் போட்டது, அவ்வளவுதான். கதர் கோட்டுக்காகப் பட்டத்தைக் குறைத்த பேராசிரியரின் பெயரை இங்கே எழுத எனக்கு மனசில்லை.

(கர்ப்பிணிப் பெண்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு அது அவசியம். வெளுப்பு, களைப்பு, காய்ச்சல், திட்டு என்று வந்தால் ரத்தத்தைப் பார்க்காமலே மாதக்கணக்கில் டானிக் குடிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.)

என் பெரியம்மாவுக்கு 1978இல் இப்படித்தான் வெளுப்பு வந்தது. டானிக் பாட்டில்கள் மாடக்குழியில் வரிசையாக நிற்கும். ஒரு வருஷம் கழித்துத் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையை எடுத்துப் பார்த்தார்கள். மஜ்ஜை ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிட்டது என்றார்கள். நோய்க்குப் பெயர் சொன்னார்கள், வைத்தியம் சொல்ல முடியவில்லை. அவர்கள்மேல் குற்றமில்லை. மஜ்ஜை மாற்று சிகிச்சை அப்போது இந்தியாவிலேயே கிடையாது. 1983இல் மும்பை டாடா மருத்துவமனையில் முதலில் நடந்தது. 1986இல் நம் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாமன் சாண்டி தொடங்கினார். வேலூரில் மஜ்ஜை மாற்று நிலைத்த பிறகுதான் ரத்தத்துக்கென்றே ஒரு டாக்டர் என்பது நம் பக்கத்தில் ஊன்றியது. பெரியம்மா எட்டு வருஷம் முந்திவிட்டார்.

1984இல் அடையாறில் இன்னொன்று நடந்தது. புற்றுநோய்க்கு மருந்து கொடுப்பவருக்குத் தனிப் பட்டம், ஆபரேஷன் செய்பவருக்குத் தனிப் பட்டம் என்று இந்தியாவிலேயே முதலில் அங்கேதான் ஆரம்பித்தார்கள். அந்தப் பட்டங்கள்தான் இன்றைக்கு நீங்கள் பார்க்கிற போர்டில் இருக்கின்றன. பெயருக்குப் பின்னால் எம்.சிஎச். என்று இருந்தால் அவர் அறுவை செய்பவர். டி.எம். மெடிக்கல் ஆன்காலஜி என்றால் கீமோ போன்ற மருந்து கொடுப்பவர். எம்.டி. ரேடியோதெரபி அல்லது ரேடியேஷன் ஆன்காலஜி என்றால் கதிர் வைப்பவர். டி.எம். ஹெமடாலஜி என்றால் ரத்தம், மஜ்ஜை. டி.எம். இடத்தில் சிலருக்கு டி.என்.பி. அல்லது டிஆர்.என்.பி. என்று இருக்கும், அதுவும் முறையான பட்டம்தான். ஹெமட்டோ ஆன்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்த இரண்டு டி.எம்.மில் எதைப் படித்தவர் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பதிவு செய்த டாக்டர்தானா என்பதைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக் காலேஜ் பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மாமியார் சொன்ன "கேன்சர் டாக்டர்" என்ற பேச்சுக்கு வருகிறேன். ரத்த டாக்டர் பார்ப்பதில் புற்று ஒரு பங்குதான். ரத்தம் உறையாத ஹீமோபிலியா, தலசீமியா, பிளேட்லெட் குறைவு எல்லாம் அவரிடம்தான் போகும். அரிவாள் செல் சோகையும் அவரிடம்தான். அது இந்தியாவில் இருப்பதை 1952இல் முதன்முதலில் கண்டதே நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். அந்தப் பையனுக்கும் புற்று இல்லை. சளிக் காய்ச்சலுக்குப் பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பிளேட்லெட்டை அழித்துவிடுகிற ஒரு கோளாறு, குழந்தைகளில் பெரும்பாலும் சில மாதத்தில் அடங்கிவிடும் என்று அந்த ஹெமடாலஜிஸ்ட் தகட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார். அடிபடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி மருந்தும் கொடுத்திருக்கிறார். போன வாரம் எண்பதாயிரம். பப்பாளிச் சாறுதான் ஏற்றியது என்று மாமியார் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். சொல்லட்டும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. கழுத்தில், அக்குளில் நெறி கட்டி மாதக்கணக்கில் கரையவில்லை என்றால் நம் ஆட்கள் "வெட்டி எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்று சர்ஜனிடம் ஓடுவார்கள். அது லிம்போமாவாக இருந்தால் சர்ஜன் எடுக்க வேண்டியது சோதனைக்கு மட்டும். வைத்தியம் மருந்திலும் சில சமயம் கதிரிலும்தான். மார்பிலோ வாயிலோ கட்டி என்றால் கத்திக்கு முன்னால் மருந்தா, பின்னால் கதிரா என்பதை மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு ட்யூமர் போர்டு என்று பெயர். "என் கேஸை ட்யூமர் போர்டில் வைப்பீர்களா?" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் எத்தனை கார் நிற்கிறது என்று பார்ப்பதைவிட இது பிரயோஜனமான கேள்வி.

குழந்தைகளின் ரத்தப் புற்று விஷயத்தில் இன்னொன்று. அடையாறில் 1960இலேயே குழந்தைகளுக்குத் தனி வார்டு தொடங்கினார்கள். ஆனாலும் அப்போது பிழைத்தவர்கள் குறைவு. 1980களில் அடையாறு, மும்பை டாடா, தில்லி எய்ம்ஸ் மூன்றும் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடு சேர்ந்து எம்.சி.பி. 841 என்று ஒரே மருந்து முறையை வகுத்துக்கொண்டன. எந்த வாரம் எந்த மருந்து, எத்தனை அளவு, ரத்தம் எப்போது பார்ப்பது எல்லாம் எழுதிவைத்தபடி. பிழைக்கும் குழந்தைகள் கூடினார்கள். கைராசி டாக்டர் என்று நாம் தேடுகிறோம். அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியது எழுதிவைத்த முறையும், அதைப் பாதியில் விடாத பெற்றோரும். சிகிச்சை இரண்டு மூன்று வருஷம் நீளும். எத்தனை தடவை போய்வர முடியும் என்று கணக்குப் போட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள். நோயைக் கண்டுபிடித்துத் திட்டம் வகுக்க அடையாறோ வேலூரோ போய்விட்டு, வாராந்திர மருந்தைத் திருச்சியில் போட்டுக்கொள்ள முடியுமா என்று இரண்டு பக்கத்து டாக்டரிடமும் கேட்கலாம்.

பணம் இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள். 2009இல் கலைஞர் காப்பீடு என்று தொடங்கி இப்போது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக இருக்கும் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சை உண்டு. திருச்சி மகாத்மா காந்தி அரசு மருத்துவமனையிலேயே காப்பீட்டுக்குத் தனி கவுண்டர் இருக்கும், ரேஷன் கார்டையும் ஆதாரையும் கையோடு கொண்டுபோங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தவியலுக்குத் தனித் துறை இருக்கிறது.

எண்பதுகளின் சினிமாவில் ரத்தப் புற்று என்றால் கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம், ஒரு சோகப் பாட்டு, முடிந்தது. நீடித்த ரத்தப் புற்றில் சி.எம்.எல். என்று ஒரு வகை. 2001இல் அதற்கு இமாட்டினிப் என்ற மாத்திரை வந்தது. கம்பெனி விலை மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல். நம் நாட்டுக் கம்பெனிகள் அதையே பத்தாயிரத்துக்குள் கொடுத்தன. அந்தப் பேடன்ட் விண்ணப்பத்தைச் சென்னைப் பேடன்ட் அலுவலகம் 2006இல் தள்ளியது, 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தள்ளியது. துவரங்குறிச்சிப் பக்கம் தையல்கடை வைத்திருக்கும் என் மாணவன் ஒருவன் பதினொரு வருஷமாக அந்த மாத்திரையைத் தினம் ஒன்று சாப்பிடுகிறான். மூன்று மாதத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்த்துக்கொள்கிறான். என் ஜாக்கெட் எல்லாம் அவன் தைத்ததுதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ரத்த ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள், எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. பழைய ரிப்போர்ட், பயாப்ஸி தகடு, சாப்பிட்ட மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் தேதி வரிசையில் அடுக்கி டாக்டரிடம் கொண்டுபோங்கள். அடுக்கத் தெரியாதவர்கள் வீட்டுக்கு வாருங்கள். சாயந்திரம் நான்கு மணிக்கு மேல் இருப்பேன்.